வால்யூம் அடங்காத பெட்டி

தர்மதாஸ் ஆம்ப்ளிபயர் பெட்டியின் குமிழை ஒன்றில் வைத்தான். பெட்டி அலறியது. மூன்றில் வைத்தான். அதே அலறல். பத்து வரைக்கும் திருகிக்கொண்டு போய் மறுபடி ஒன்றுக்கே வந்து சேர்ந்தான். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் பெட்டி இறங்கி மூச்சு வாங்கவில்லை. கிட்டாரில் ஒரே ஒரு தந்தியை விரல் நுனியால் தொட்டதற்கே பரண்மேல் அடுக்கியிருந்த வெண்கலப் பாத்திரமெல்லாம் கிணுகிணுவென்று பதில் சொல்லின.

சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"வாத்தியாரே, இன்னா அது?" காமாட்சியம்மாளின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. வீட்டுக்காரம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வால்யூம் கண்ட்ரோல்ல கொஞ்சம் கரகரப்பு இருந்துது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன்."

"கரகரப்பு போயிட்டுதா?"

"போயிட்டுதும்மா."

"போவறப்ப அடக்க ஒடுக்கத்தையும் கையோட இட்டுக்கினு போயிட்டுதுபோல."

தர்மதாஸ் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவனுக்கு எப்போதுமே சண்டை போடத் தெரியாது. முசரவாக்கத்து அப்பாண்டை நயினாரின் மகன். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். கரும்பலகையில் மாம்பழம் வரைந்துவிட்டுத் திரும்புவதற்குள் அது எந்த மரத்து மாம்பழம், அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசனை போய்விடும். பையன்கள் பெஞ்சு மாறி உட்கார்ந்தால்கூடக் கண்டுபிடிக்க மாட்டான். இப்படி ஒரு ஆளை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறதே என்று ஹெட்மாஸ்டருக்கு ஆச்சரியம்.

அவன் கிட்டார் சாதாரணமான மரக் கிட்டார். தந்திக்குக் கீழே, அதன் சத்தத்தைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும் ஒரு சின்ன பிக்கப்பை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான். அதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் கிடையாது. எல்லா ஜம்பமும் ஆம்ப்ளிபயரிடம்தான். பெரம்பூரில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது இவனிடம் தள்ளிவிட்டுப் போன வால்வு பெட்டி அது. சுவிட்சைப் போட்டதும் உடனே பேசாது. முதலில் உள்ளே வால்வுகள் மெல்லச் சிவக்கும், சூடான தூசி வாசனை வரும், அப்புறம்தான் குரல். அந்தக் காத்திருப்பே தர்மதாஸுக்குப் பாதி சொர்க்கம்.

இருட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுவது அவன் வீட்டுப் பழக்கம். ஜைனர் வீட்டில் விளக்கு வைத்த பிறகு அடுப்புக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொல்லைப்புறத்தில் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து ஏதோ பொங்கித் தின்று கையைக் கழுவிவிடுவான். ஊரே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். பிள்ளையார்பாளையத்துத் தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். இவனுக்கு மட்டும் அன்றைய பொழுது சீக்கிரமே முடிந்து, கையில் கொஞ்சம் நேரம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் கிட்டாரை எடுத்து, பெட்டியை இரண்டில் வைத்து, மெதுவாக வாசிப்பான். வாசிக்க வாசிக்கச் சுவர் விலகிக்கொள்ளும். பாலாற்றில் கரை புரண்டு தண்ணீர் போகும். நிஜப் பாலாற்றில் மணலைத் தவிர வேறு எதையும் அவன் அதிகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இனிமேல் பெட்டி இரண்டில் நிற்காது என்றால் பாலாறும் வராது.

காமாட்சியம்மாள் அன்று ராத்திரி விளக்கு வைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள். "வாத்தியாரே, உன்ன மாதிரி ஆளு கெடைக்கிறது கஷ்டம். நாங்க சைவம், நீ எங்களுக்கு மேல சைவம். பொழுதோட சாப்புட்டு முடிச்சிடற. பொம்பளைங்கள நிமுந்து பாக்கறதில்ல. ஆனா இந்தச் சத்தம் ஒத்துக்காது. பட்டு வேலை, பொறுமையா செய்யற வேலை. நீ ஒரு தட்டு தட்டினா எம்புள்ள ஓட்டற தறி நின்னுபூடுது. சரி பண்ணு. முடியலன்னா அறையை காலி பண்ணு."

கலியாணமாகாதவன், அதிலும் கிட்டார் வைத்திருப்பவன். அவனுக்கு இந்த ஊரில் அறை கொடுக்க இன்னொருத்தர் இல்லை. இந்த அறை கிடைப்பதற்கு முன்னால் செவிலிமேட்டிலிருந்து ஐயம்பேட்டை வரைக்கும் அவன் ஏறி இறங்காத வீடு இல்லை. அறை போனால் தினம் முசரவாக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அப்பா, "தந்தியைத் தட்டறவன் வேர்க்கடலை போடற நெலத்துக்கு இன்னா லாயக்கு" என்று கிட்டாரைத் தூக்கி நெல் குதிருக்குப் பின்னால் போட்டுவிடுவார். ஆக, அறைதான் கிட்டார். கிட்டார் போனால் தர்மதாஸ் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

காமாட்சியம்மாளுக்குப் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அம்மாளின் காது. அந்த வீட்டில் யார் யாரிடம் எதைச் சொன்னாலும் பதில் அவளிடமிருந்துதான் வரும். மகன் கலியாணசுந்தரம் சாப்பிடும்போது, "உப்பு கம்மியா இருக்குது" என்று முணுமுணுப்பான். கூடத்திலிருந்து, "நாந்தான் கம்மியா போடச் சொன்னேன்" என்று வரும். ஒருநாள் காலையில் தர்மதாஸ் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, "ராத்திரி தூக்கத்துல கனகமாலா கனகமாலான்னியே, யாரு அது?" என்று கேட்டாள். "எங்க அக்காம்மா" என்று அவன் நுரையோடு சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாளே பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். அங்கே சாமுவேல் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். பல்லில் ஈயக் கம்பியைக் கடித்துக்கொண்டே பேசும் ஆள். எந்த ரிப்பேர் வந்தாலும் முதலில் ஒரு பிரசங்கம் உண்டு.

"இத பாருங்க பிரதர், வால்யூம் கண்ட்ரோல்னா இன்னா? ரெண்டு வாய்க்கா. ஒண்ணு ஸ்பீக்கருக்குப் போவுது, ஒண்ணு எர்த்துக்கு, அதாவது பூமிக்கு. நீங்க குமிழைக் கம்மியா வெச்சா, வேணாம்னு சொன்ன சத்தம் எர்த் கம்பி வழியா வெளிய பூடணும். அந்தக் கம்பி உட்டுப்போச்சின்னு வைங்க, எல்லாச் சத்தமும் ஸ்பீக்கருக்கே வந்து முட்டும். நீங்க திருகிக்கினே இருக்க வேண்டிதான்." பெட்டியின் முதுகுப்பக்கம் திறந்தேதான் இருந்தது. எட்டிப் பார்த்தார். "அதேதான். கழுவறப்ப உங்க கை பட்டு கம்பி உட்டுப்போயிருக்குது. சந்திரனுக்கே மனுஷன் போயிட்டு வந்துட்டான், இது இன்னா பெரிசு."

ஈயம் வைத்தார். பெட்டி ஒன்றில் முனகியது, ஐந்தில் பேசியது, பத்தில் கத்தியது. தர்மதாஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடை வாசலிலேயே ஒரு பாட்டு வாசித்துக் காட்டினான். பக்கத்துக் கடைக்காரர் சோடா கொடுத்தார்.

வீட்டு வாசலில் கலியாணசுந்தரம் நின்றிருந்தான். "குடுங்க சார், நான் தூக்கியாறேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். அதிகம் பேசாத, தங்கமான பிள்ளை. "சரியாயிட்டுதா?" என்று மட்டும் கேட்டான்.

"சரியாயிட்டுது கலியாணம். இனிமே உங்களுக்கெல்லாம் தொந்தரவு இருக்காது."

"ஓ" என்றான் கலியாணசுந்தரம்.

தர்மதாஸ் குளித்து, சமைத்து, சாப்பிட்டு, சுவிட்சைப் போட்டு, வால்வு சிவக்கும் வரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு தந்தியை மீட்டினான்.

வீடு அதிர்ந்தது. பரண்மேல் ஒரு தவலை உருண்டது.

மன்னிப்புக் கேட்பதற்காகக் கூடத்துக்கு ஓடினான். அவன் வாசிப்பை நிறுத்திய பிறகும் பெட்டி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் தறி. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தோளோடு தோளாக அவன் பெண்டாட்டி வள்ளி. புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால் ஒரு ஆள் மட்டும் நெய்ய முடியாது. உடலுக்கு ஊடிழை கொண்டு ஓடும் நாடாவை இவன் வீசுவான், கரை நாடாவை அவள் வீசுவாள். கோர்வை நெசவு. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் அப்படி ஒட்டி உட்கார்ந்துதான் நெய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் காமாட்சியம்மாள் ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டிருப்பாள். கோயிலுக்குப் போனாலும் மருமகளைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் போவாள்.

வள்ளி தலையைக் குனிந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

தர்மதாஸுக்கு மனசு ஒடிந்துவிட்டது. ஒரு பெண்ணை அழவைத்துவிட்டோமே. எறும்பு மேல்கூடக் கால் படாமல் பார்த்துப் பார்த்து நடக்கும் ஜாதியில் பிறந்து, இப்படி ஒரு பாவத்தைச் செய்துவிட்டோமே.

"பாத்தியா?" என்றாள் காமாட்சியம்மாள். "உம்பொட்டி கத்தினா அவ வாயில துணியை வெச்சிக்கிறா. எம்புள்ள நாடாவை உட்டுட்டு ஒக்காந்துடறான். இப்பிடியே போனா இந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரும்?"

கலியாணசுந்தரம் திரும்பிப் பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை. "உடும்மா. சார் வாசிக்கட்டும். எங்களுக்கு ஒண்ணியும் தொந்தரவு இல்ல" என்றான்.

எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று தர்மதாஸ் நெகிழ்ந்துபோனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமுவேலே வீட்டுக்கு வந்தார். பெட்டியின் உள்ளே பார்க்கும் முன்பு வீட்டின் மெயின் சுவிட்சைப் பார்த்தார். மோவாயைத் தடவினார். "கடையில சொன்ன பேச்சு கேக்குது, வூட்ல கேக்கல. அப்ப கொறை பொட்டியில இல்ல பிரதர், வூட்லதான். இந்த வூட்டுக்கு எர்த்தே இல்ல. வேணாம்னு தள்ளின சத்தம் எங்க போவும்? போக்கெடம் இல்லாம திரும்பி வருது."

தர்மதாஸுக்கு இது ரொம்ப அழகான விளக்கமாகப் பட்டது. யாருக்கும் வேண்டாத சத்தங்கள் எல்லாம் பூமிக்குள் இறங்கி அமைதியாகப் படுத்துக்கொள்கின்றன. அதற்கு ஒரு இடம் பண்ணிக் கொடுப்பது புண்ணியம் என்றே நினைத்தான். சந்துப் பக்கம் சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள். கரியும் உப்பும் கொட்டி இரும்புக் குழாயை நட்டார்கள்.

"தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுச் சாமுவேல் போனார்.

தர்மதாஸ் ஊற்றினான். ஊற்றும்போது மனசில் ஒரு மெட்டு வந்தது. மெட்டு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே கிணற்றில் இறைத்தான், ஊற்றினான், இறைத்தான், ஊற்றினான். சரணத்துக்கு வரும்போது எத்தனையாவது குடம் என்பது மறந்துபோயிருந்தது. பூமி தாராளமாகக் குடித்துக்கொண்டே இருந்தது. பாவம், என்ன தாகமோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

பூமி அதைக் குடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குழி.

காலையில் கலியாணசுந்தரம் தூக்கக் கலக்கத்தோடு தறியில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டான். முழங்கால் வரை தண்ணீர்.

"கலியாணம், இன்னாடா சத்தம்?" என்றாள் காமாட்சியம்மாள் அடுப்பங்கரையிலிருந்து.

"கொளம்" என்றான் அவன்.

அன்று பூராவும் தர்மதாஸ் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுச் சொம்பால் இறைத்துக்கொண்டிருந்தான். கலியாணசுந்தரம் வாளியில் வாங்கி வாங்கிக் கொல்லையில் கொட்டினான். காமாட்சியம்மாள் தறியில் கட்டியிருந்த பாவு நூல் நனையாமல் துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாலாத்துல தண்ணி வரலன்னு ஊரே அழுதுக்கினு இருக்குது. வாத்தியாரு எங்க வூட்லயே வரவெச்சிட்டாரு."

வள்ளி மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. தர்மதாஸ் இன்னும் வேகமாக இறைத்தான்.

சாயங்காலம் பெட்டியைப் போட்டான். எர்த் கொடுத்த பிறகும் அது அப்படியேதான் அலறியது. காமாட்சியம்மாள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. தறிக்குழி ஈரமாக இருந்தாலும் கலியாணசுந்தரமும் வள்ளியும் காலை மடித்துக்கொண்டு தறியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என்ன கடமை உணர்ச்சி என்று தர்மதாஸ் வியந்தான்.

சாமுவேல் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெட்டியைத் திருப்பி வைத்தார். கலியாணசுந்தரம் டார்ச் பிடித்தான். சாமுவேல் உள்ளே பார்த்து உச்சுக்கொட்டினார். "நான் வெச்ச எர்த் கம்பி மறுபடியும் அறுந்திருக்குது பிரதர். ஈயம் அப்பிடியே இருக்குது, கம்பி நடுவுல துண்டாயிருக்குது."

"ஏன் அப்பிடி?"

"அதான் தெரியல." யோசித்தார். "ராத்திரில ஏதாவது கடிக்குதா?"

"எலி" என்றான் கலியாணசுந்தரம். அவன் தானாக வாயைத் திறந்து ஒன்று சொன்னது அபூர்வம். "எங்க வூட்ல எலி ஜாஸ்தி."

"நம்ம வூட்ல ஏதுடா எலி?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்குதும்மா. நான் பாத்தேன்."

"பட்டு இருக்கற வூட்ல எலி இருக்குதுன்னு இப்ப சொல்றியே, நாளைக்கே பாஷாணம் வாங்கியாந்து வெச்சிடறேன்."

தர்மதாஸ் பதறிப்போனான். "அம்மா, பாஷாணம் வேணாம். அதுவும் ஒரு உயிருதானே. நான் கூண்டு வெக்கிறேன். புடிச்சு ஏரிக்கரையில கொண்டுபோய் உட்டுடறேன்."

சாமுவேல் புதுக் கம்பி வைத்து ஈயம் ஊற்றினார். தர்மதாஸ் கூண்டு வாங்கி, கருகவிட்ட தேங்காய்ச் சில்லை மாட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கம்பியும் அறுந்திருந்தது, கூண்டும் மூடியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தது எலி இல்லை. மூஞ்சூறு. நீள மூக்கை ஆட்டிக்கொண்டு, இதற்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் பார்த்தது.

பார்த்ததும் காமாட்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளையார்பாளையத்துல ஒக்காந்துக்கினு பிள்ளையாரு வாகனத்தையே கூண்டுல அடைச்சியா வாத்தியாரே? எடுத்துக்கினு போய் பதமா கொல்லையில உடு."

தர்மதாஸ் கூண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்து வழியாக நடந்தான். நடக்கும்போதே அதற்குச் சமாதானம் சொன்னான். "பயப்படாதே. உன் பேர்ல தப்பு இல்ல. அந்தக் கம்பி ருசியா இருந்திருக்கும்." மூஞ்சூறு அவன் முகத்தை உற்றுப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. நல்லா கேட்குதே என்று இன்னும் கொஞ்சம் குனிந்தான். குனிந்த வேகத்தில் கூண்டுக் கதவு திறந்துகொண்டது.

மூஞ்சூறு தாவிக் குதித்தது. காமாட்சியம்மாள் அன்றைக்குத்தான் சாயம் காய்ந்த பட்டு நூல் கழிகளைப் பிரித்துப் பாய்மேல் பரப்பி வைத்திருந்தாள். நேரே அதற்குள் புகுந்தது. "ஐயோ பட்டு" என்று காமாட்சியம்மாள் ஒரு பக்கம் ஓட, "ஐயோ மிதிச்சிடாதீங்க" என்று தர்மதாஸ் இன்னொரு பக்கம் ஓட, மூஞ்சூறு இரண்டு பேருக்கும் இடம் கொடுத்து நடுவில் சுற்றியது. கடைசியில் அது காலில் சிவப்பு இழை ஒன்றை இழுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டது. பாயில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றாகிக் கிடந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று தர்மதாஸ் ஒரு நிமிஷம் யோசித்து, நல்லவேளை, சொல்லவில்லை.

காமாட்சியம்மாள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிக்குப் பட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கி சாயந்தரம் அந்தப் பொட்டி மனுஷன் மாதிரி பேசணும். இல்லன்னா சனிக்கெழம காலையில பொட்டி, படுக்க, கூண்டு எல்லாத்தையும் எடுத்துக்கினு முசரவாக்கம் போய்ச் சேரு."

தர்மதாஸ் அன்று வாசிக்கவில்லை. மறுநாளும் வாசிக்கவில்லை. முசரவாக்கத்து நெல் குதிர் கண்முன் வந்து வந்து போனது. அந்த இரண்டு சாயங்காலமும் கலியாணசுந்தரம் அறை வாசலில் வந்து நின்றான். "வாசிக்கலியா சார்?" என்று கேட்டான். கேட்ட விதத்தைப் பார்த்தால் ஊருக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டவன்போல் இருந்தது. தன் மேல் இவ்வளவு அன்பா என்று தர்மதாஸ் உருகிப்போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமுவேல் கடைசி முயற்சியாக வந்தார். கம்பியை வைத்து ஈயம் ஊற்றினார். அதோடு நிற்காமல் பெட்டியின் முதுகுக்கு நெருக்கமான இரும்பு வலையை வைத்துச் சுற்றிலும் ஆணி அடித்தார். "இனிமே எலி இல்ல, எலியோட பாட்டன் வந்தாலும் உள்ள வாய் வெக்க முடியாது பிரதர்." கலியாணசுந்தரம் டார்ச்சைப் பிடித்தபடி அந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வந்தது. தர்மதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டான். வால்வுகள் சிவந்தன. குமிழை இரண்டில் வைத்தான். மனசுக்குள் இருபத்துநாலு தீர்த்தங்கரர்களையும் கூப்பிட்டுவிட்டுத் தந்தியைத் தொட்டான்.

மெதுவாக வந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இனிப்பாக. வெண்கலப் பாத்திரம் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. அவன் இன்னொரு தந்தியைத் தொட்டான், அப்புறம் இன்னொன்று. சுவர் விலகியது. ஏகாம்பரநாதர் கோயில் மணி எங்கோ தூரத்தில் அடித்தது, அதுவும் பாட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பாலாறு வந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தண்ணீர். அதில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பட்டு மிதந்து போனது. கரையில் மூஞ்சூறு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. தர்மதாஸ் தரையில் இருக்கிறானா தண்ணீரில் இருக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது வாசலில் காமாட்சியம்மாள் நின்றிருந்தாள். கையில் இன்னும் சிக்குப் பட்டு. முகம் இளகியிருந்தது.

"இது நல்லா இருக்குது வாத்தியாரே" என்றாள். "மனசுக்கு எதமா இருக்குது. இப்பிடி வாசிக்கறதுன்னா நீ எத்தினி வருசம் வேணும்னாலும் இருந்துக்க. உன்ன யாரு போவச் சொன்னது?"

தர்மதாஸுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அறை பிழைத்தது, கிட்டார் பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவன் அன்று விளக்கு வைத்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி யாருக்கும் தொந்தரவில்லை, அந்தப் பெண்ணும் அழ வேண்டாம் என்று நினைத்தபோது மனசு நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் சாயங்காலங்கள் எல்லாம் பாலாறாகவே இருந்தன. காமாட்சியம்மாள் ராட்டினத்தைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டாள். ஒருநாள் கொழுக்கட்டை அனுப்பினாள். கலியாணசுந்தரம் மட்டும் வேப்பங்காயைத் தின்றவன்போல் நடமாடினான். "எப்பிடி இருக்குது கலியாணம்?" என்று தர்மதாஸ் ஆசையாகக் கேட்டால், "ம்" என்பான். வலையில் அடித்த ஆணிகளை ஒரு பார்வை பார்ப்பான், போய்விடுவான். பாவம், வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று தர்மதாஸ் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், பெட்டி இரண்டில் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து காமாட்சியம்மாள் சொல்வது கேட்டது. "வள்ளி, வாத்தியாரு ரூம்பு பரண்மேல பெரிய அண்டா இருக்குது பாரு, எடுத்துக்கினு வா."

வள்ளி வந்தாள். தர்மதாஸ் பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு வாசித்தான். அண்டா இறங்கியது. ஆனால் கால்கள் போகவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நேராகப் பெட்டிக்கிட்டே போனாள். குனிந்தாள். குமிழைப் பிடித்து இரண்டிலிருந்து பத்துக்கு ஒரே திருகாகத் திருகிவிட்டு, வாசிங்க என்று கையால் ஜாடை காட்டினாள்.

தர்மதாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னபடி தட்டினான். வீடு அதிர்ந்தது. பரண் முழுக்கப் பாத்திரங்கள் கூத்தாடின. கூடத்தில் காமாட்சியம்மாள் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வள்ளி அவன் பக்கம் குனிந்தாள். அவள் குரலை அவன் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டான். கணீரென்று இருந்தது.

"அண்ணா, கல்யாணமாகி நானும் அவரும் மனசு விட்டுப் பேசிக்கினதெல்லாம் இந்தச் சத்தத்துலதான், கம்பியை நறுக்கினது எலி இல்ல, அவருதான்."